சம்பந்திகளின் ராக் சண்டை

ஞாயிறன்று வளைகாப்பு முடிந்ததும், மகள் கௌசல்யாவைப் பிரசவத்துக்குப் பாலக்கோடு அழைத்துப்போகக் காரைக் கிளப்பினார் மாதவராஜ். காரில் பழைய ராக் பாட்டு ஓடியது.

“எழுபதுகள்ல வந்ததுலயே இந்த எழுபத்தொண்ணாம் வருஷ ஆல்பம்தாங்க பெஸ்ட்டு!” என்றார்.

கௌசல்யாவின் மாமனார் குப்புராஜ் விடவில்லை. “எழுபத்தஞ்சுல வந்ததுக்கு முன்னால இது நிக்காதுங்க சம்பந்தி. எறங்கி வாங்க, போட்டுக் காட்டறேன்.”

கிட்டாருக்கு ஒரு சண்டை, டிரம்ஸுக்கு ஒரு சண்டை. காபி ஆறிப்போனது.

“அடடா, நாலரை! ராகுகாலம் முடியறதுக்குள்ள இருட்டிடுமே. மாசமா இருக்கற புள்ளய காலைல கூட்டிட்டுப் போறேங்க,” என்று காரைப் பூட்டப் போனார் மாதவராஜ்.

கௌசல்யா மெல்லக் கேட்டாள்: “மாமா, எழுபத்தொண்ணுதானே உங்களுக்கும் உசுரு?”

“ஆமா கண்ணு. அதைச் சொல்லியிருந்தா நாலு மணிக்கே கெளம்பியிருப்பீங்களே! உங்கப்பா தூங்கட்டும், நாம அதையே கேக்கலாம்.”