பஜ்ஜி மடித்த தாள்

சமுதாயக் கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் தணிகாசலம் வாங்கிய பஜ்ஜி, யாரோ ஒரு மணப்பெண்ணின் ஆதார் நகலில் மடித்து வந்தது. எண்ணெய் ஊறி, அந்தப் பெண்ணின் முகத்தின் வழியே அவருடைய விரல்கள் தெரிந்தன. போன வாரம்தான் மகள் மேகலாவின் கல்யாணத்துக்கு அந்தக் கூடத்தைப் பதிந்திருந்தார். 'முதல் திருமணமா, மறுமணமா' என்று படிவம் கேட்ட இடத்தில், சொந்த அண்ணனுக்குக்கூடச் சொல்லாததை எழுதி, மகளின் ஆதார் நகலோடு தன்னுடையதையும் இணைத்துக் கொடுத்திருந்தார்.

கூடத்தின் மேலாளர் பீரோவைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் பூட்டித்தான் சார் இருக்கு."

தணிகாசலம் அந்தத் தாளை நீட்டினார்.

"அது பழசு சார்."

"என் பொண்ணோடது எப்போய்யா பழசாகும்?"

மேலாளர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து தணிகாசலம் தினமும் பஜ்ஜி வாங்கினார். பஜ்ஜியை நாய்க்குப் போட்டுவிட்டுத் தாளை விரித்துப் படித்தார். கல்யாணம் முடிந்தும் விடவில்லை. யார் யாருடைய கதவு எண்ணோ, கைபேசி எண்ணோ வந்தன. மேகலா மட்டும் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள், வந்த தாள் இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தார்.

கடைக்காரம்மா அடுப்பைவிட்டு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இனிமே தேடாதீங்க சார். உங்க போட்டோவப் பார்த்ததுமே அதை அடுப்புல போட்டுட்டேன். இந்த மாப்பிள்ளையாவது பாப்பாவ நல்லா வெச்சிருக்காரா?"