மூன்று தடவை செத்தவள்

"செத்தே! இதோட மூணாவது தடவை. மறுபடி முதல்லேருந்து வா!"

பக்கத்து வீட்டுக்காரனின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. புதிதாகக் குடிவந்திருந்த பல் டாக்டரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"தினமும் பொண்டாட்டியை இப்படி மிரட்டுறானே, கேக்க ஆளே இல்லையா?"

"அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதுக்கு?" என்றார் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

டாக்டரம்மா விறுவிறுவென்று போய்க் கதவைத் தட்டினார். திறந்தவள் வியர்வையில் நனைந்திருந்தாள்.

"பயப்படாம சொல்லும்மா. அடிக்கிறானா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ மேடம், நான் பைலட். ஞாயித்துக்கிழமை சாகச ஷோ இருக்கு. கையையே விமானமா வெச்சுக்கிட்டு ஹால்ல நடந்து ஒத்திகை பாக்கறேன். விமானம் இப்போ எவ்வளவு உயரத்துல இருக்குன்னு இவர் திடீர் திடீர்னு சொல்வார். வானத்துல மேலயும் கீழயுமா வட்டம் அடிக்க ஏறும்போது வேகம் குறைஞ்சா, உச்சியில உயரம் பத்தாது. அப்போ கீழே பாயவே கூடாது. தலைகீழா இருக்கற விமானத்தை நிமிர்த்திட்டு நேரா போயிடணும். பாய்ஞ்சா தரைதான்."

"மூணு தடவையும் பாய்ஞ்சுட்டா! கைதட்டல் ஆசை யாரை விட்டது?" என்று உள்ளேயிருந்து கத்தினான் கணவன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் டாக்டரம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். விமானம் வட்டத்தின் உச்சிக்கு ஏறியது. கீழே பாயவில்லை. சட்டென்று நிமிர்ந்து, நேராகப் போய்விட்டது.

"சே, பாதியிலேயே விட்டுட்டாங்களே!" என்று கூட்டம் சலித்துக்கொண்டது.

டாக்டரம்மா மட்டும் கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்.