லிட்வின் தொலைத்த தாள்

"உங்களுக்கெல்லாம் மேஜை எதுக்கு, நாற்காலி எதுக்கு சார்? ஒரு தாளப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்ல!"

வான்டா போட்ட சத்தத்தில் பள்ளிக்கூட வராந்தாவே கூடிவிட்டது. பியூட்டி பார்லரில் பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு ஏப்ரனோடு வந்திருந்தாள்.

மாணவர்களின் காலேஜ் விண்ணப்பங்களைக் கவனிக்கும் பள்ளி வழிகாட்டி லிட்வின் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் தப்புதாம்மா. தாள் எங்கியோ கைமாறிப் போச்சு."

"போனது தாளா? எம் பொண்ணோட வாழ்க்கை!"

கத்திய கத்தலில் அவளுக்கு இருமல் வந்தது. லிட்வின் தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பக்கத்தில் நின்ற மகள் கோரினுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆல்டன்ஹர்ஸ்ட் காலேஜ் அவளுடைய ஆறு வருஷக் கனவு.

'சீட் கொடுத்தால் உங்களிடமே சேர்கிறேன், வேறெங்கும் போகமாட்டேன்' என்று மாணவி, பெற்றோர், வழிகாட்டி மூவரும் கையெழுத்துப் போட்டு நவம்பர் ஒன்றுக்குள் அனுப்பிவிட்டால் அங்கே இடம் கிடைப்பது சுலபம். ஒரே சிக்கல், எந்தக் காலேஜ் எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. புடவைக்கு பில் போட்ட பிறகு விலை கேட்கிற கதைதான்.

கோரினும் லிட்வினும் பள்ளியிலேயே கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி அம்மாதான்.

"இதெல்லாம் பிள்ளைங்க கையில குடுக்கக் கூடாதுடி. நானே நேர்ல குடுத்துட்டு வரேன்" என்று வான்டா வாங்கிக்கொண்டாள். கொடுத்துவிட்டும் வந்தாள். கெடு முடிந்த பிறகுதான் தாள் போகவே இல்லை என்று தெரிந்தது. விண்ணப்பம் பொது வரிசைக்குப் போய்விட்டது. இனி பதில் வர மார்ச் ஆகும்.

அதே தாளை நேரத்துக்கு அனுப்பிய வகுப்புத் தோழி, பல் டாக்டர் மகள் பெய்ஜுக்கு டிசம்பரிலேயே ஆல்டன்ஹர்ஸ்டில் இடம் கிடைத்தது. காலேஜ் பெயர் போட்ட சட்டையை அவள் துவைக்கக்கூடக் கழற்றவில்லை.

டாக்டரின் மனைவி முடிவெட்ட வந்தபோது கேட்டாள். "ஒருவேளை உதவித்தொகை கம்மியா வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே, வான்டா?"

"எங்க வீட்ல காசப் பத்திப் பேச்சே கிடையாது டாக்டரம்மா. புள்ள ஆசைதான் முக்கியம். எல்லாத்தையும் அந்த ஆளு கெடுத்துட்டான்."

சொன்ன வேகத்தில் டாக்டரம்மாவின் முடி ஒரு அங்குலம் கூடவே குறைந்தது.

கிறிஸ்துமஸுக்குப் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு தட்டு நிறைய பியரோகி கொழுக்கட்டை அனுப்பினாள். "கிளார்க் அம்மாவுக்குடி. அந்த ஆளுக்கு ஒண்ணுகூடப் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

மார்ச்சில் கடிதங்கள் வந்தன. அம்மாவும் மகளும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துப் பார்த்தார்கள்.

ஆல்டன்ஹர்ஸ்ட் கடிதம் தங்க எழுத்தில் வாழ்த்தியது: உதவி முப்பதாயிரம் டாலர்! அடியில் பொடி எழுத்தைப் படித்தால், அதில் இருபத்து மூவாயிரம் கடன். அம்மா பெயரில் வாங்க வேண்டிய கடனும் சேர்த்தி. கடன்காரியாவதற்கு ஒரு வாழ்த்து வேறு.

வெட்மோர் காலேஜ் கடிதத்தில் தங்கமும் இல்லை, கடனும் இல்லை; முழுக்க உதவித்தொகைதான். கோரின் அங்கே சேர்ந்துகொண்டாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்தத் தாள் ஒழுங்காகப் போயிருந்தால், இந்தக் கடிதத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

"பாத்தியா, அந்தத் தூங்குமூஞ்சி செஞ்ச தப்புல நமக்கு விடிஞ்சிருக்கு. அதுக்காக அவனுக்கு நன்றியெல்லாம் சொல்லிட்டு நிக்காதே!"

கோரின் சொல்லவில்லை. ஆண்டு மலரில் எல்லா ஆசிரியர்களிடமும் வாழ்த்தெழுதி வாங்கினாள். லிட்வின் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டிப்போய் டிரில் மாஸ்டரிடம் நீட்டினாள். லிட்வின் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

கடைசி நாள், லிட்வின் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கிளார்க் அம்மா கூப்பிட்டாள்.

"கோரின், உன் ஃபைல் இந்தாம்மா. இனிமே எங்களுக்கு எதுக்கு?"

வாசல் படியில் உட்கார்ந்து புரட்டினாள். அடியில் இருந்தது, தொலைந்துபோன அந்தத் தாள்.

அவள் கையெழுத்து இருந்தது. லிட்வின் கையெழுத்து இருந்தது. பெற்றோருக்கான கோடு காலியாக இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் அம்மாவின் கோணல் எழுத்து:

"லிட்வின் சார், மத்த காலேஜ் என்ன தரும்னு பாக்காம இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது. எங்ககிட்ட காசு இல்லன்னு எம் பொண்ணுகிட்ட சொல்லவும் வாய் வரல. நீங்க தொலச்சிட்டதா சொல்லிடுங்க. கெடு முடிஞ்சதும் நான் வந்து நாலு பேர் முன்னால கத்துவேன். தப்பா எடுத்துக்காதீங்க."