ஓடைத் தண்ணீர் ஒரு டம்ளர்

கேமராவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுவிட்டார்கள். அவள்தான் இன்னும் உட்காரவில்லை.

மேஜையில் ஒரு காகிதம். பக்கத்தில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர்.

ஐம்பத்திரண்டு நாளாக இந்த அறைதான். ஜன்னல் உண்டு, திறக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் கழிவு வாயுவைக் கொளுத்தும் தீ எரிகிறது. பட்டப்பகலிலும் எரிகிறது. இருபது வருடமாக அந்தத் தீயைத் திட்டிக் கவிதை எழுதியவளை அதற்கு எதிரிலேயே கொண்டுவந்து அடைத்திருக்கிறார்கள். யாருடைய யோசனையோ. ரசனையுள்ள ஆள்தான்.

காகிதத்தை எடுத்துப் படித்தாள்.

'எங்கள் ஓடை சுத்தமாக இருக்கிறது. அதில் எண்ணெய் கசியவில்லை. நான் இதுவரை சொன்னதும் எழுதியதும் பொய். என்னை மன்னியுங்கள்.'

நான்கே வரி. வாசித்துவிட்டு டம்ளரைக் காலி செய்ய வேண்டும். ஓடைத் தண்ணீரை அவளே குடித்துக் காட்டினாள் என்று மாலைச் செய்தியில் நைஜீரியா முழுக்கப் பார்க்கும்.

மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால், கேமராவுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூன்று பெண்களும் இன்றே வடக்கே பெரிய சிறைக்குப் போவார்கள். அங்கே போய் யாரும் திரும்பியதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

மூவரும் கவிதை எழுதவில்லை. எண்ணெய் படிந்து செத்துப்போன சதுப்புநிலக் கண்டல் காட்டில், முழங்கால் சேற்றில் நின்று, அவளோடு புதிதாகக் கன்று நட்டார்கள். அவள் கூப்பிட்டாள், வந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். அதிலும் தொன்யேவுக்குப் பால்குடி மறக்காத பிள்ளை.

வாசித்தால் மூவரும் வீட்டுக்குப் போகலாம். அவளை எப்போது விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அவர்களை இங்கே உட்கார வைத்திருப்பதே அதற்காகத்தான். தலைவி விலைபோனதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊரில் போய்ச் சொல்லட்டும் என்று. அப்புறம் அவள் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் ஒரு ஈ காக்கை சேற்றில் இறங்காது.

தொன்யே அவளைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்திரண்டு நாளில் வலிக்காத இடத்தில் அது வலித்தது.

அவளை விசாரிக்கும் அதிகாரி கடலையே பார்க்காத வடக்குச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்தவர். கையை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. அவளுடைய புத்தகங்களைப் படித்திருந்தார். சில வரிகளை மனப்பாடமாகச் சொல்லவும் செய்வார். இந்த இம்சைக்கு நாலு அடி வாங்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு.

அவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தண்ணிக்குப் பயப்படாதீங்கம்மா. பாட்டில் தண்ணிதான். ஊத்தினது நானே."

அவள் டம்ளரைப் பார்த்தாள்.

அதிகாரியைப் பார்த்தாள்.

மறுபடி டம்ளரைப் பார்த்தாள்.

இந்த மனுஷனுக்குத் தெரியாது.

அவளுடைய ஓடையில் கடல் ஏறி இறங்கும். கண்டல் வளர்வதே அந்த உப்பில்தான். எண்ணெய்க் கம்பெனி வருவதற்கு நூறு வருடம் முன்பும் அதை யாரும் குடித்ததில்லை. வாயில் பட்டால் துப்புவார்கள். ஓடையில் மீன் உண்டு, நண்டு உண்டு. குடிதண்ணீர் வானத்திலிருந்துதான் வரும். தகரக் கூரையில் விழுந்து பீப்பாயில் நிறையும். அது தொன்யேவின் மூத்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதிகாரி நல்ல தண்ணீர் ஆற்றங்கரையில் வளர்ந்தவர். ஓடை என்றால் குடிக்கத்தானே என்று நினைத்துவிட்டார்.

"ஒரு பேனா கொடுங்க" என்றாள்.

அவர் முகம் சுருங்கியது. எழுதியிருப்பதை அடித்துவிடுவாளோ என்று பயம். கொடுத்துவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எதையும் அடிக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தாள். ஒரு வரிக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவள். இது கேட்காமலே வந்தது.

அதிகாரி வாங்கிப் படித்தார். கண் பனித்துவிட்டது.

"கவிஞர்னா கவிஞர்தாம்மா."

அவள் உட்கார்ந்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

நான்கு வரிகளையும் வாசித்தாள். தலைநகரில் இதை நம்பப்போகிறவர்களை நினைத்தாள். அவள் புத்தகத்தைத் தூக்கி எறியப்போகிற மாணவர்களை நினைத்தாள். அவர்களுக்கு என்றைக்காவது விளக்கிச் சொல்ல வாய்க்குமா, தெரியாது. இந்த ஜன்னலும் இந்தத் தீயும்தான் கடைசிவரை என்றும் ஆகலாம். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஐந்தாவது வரிக்குக் கேமராவை விட்டுவிட்டு பெஞ்சைப் பார்த்தாள்.

"நான் இந்த ஓடைத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தேன், தினமும் விடியும்போது என் அம்மா அதைக் குடத்தில் மொண்டுவந்து தருவாள்."

டம்ளரை எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். சப்புக்கொட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

தொன்யே தலையை நிமிர்த்தினாள்.

அவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த இருவரையும் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் ஏற்கெனவே சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொன்யே மேல்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நிற்கவே இல்லை.

அதிகாரி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து தொன்யே பக்கம் நீட்டினார். பிறகு கேமராக்காரரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பாவம், அழறாங்க. அதையும் எடுங்க."