வெந்தயத் தண்ணீர்

நோயைக் கடைசிவரை மறைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போன அக்கா மேல் தையல்காரிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஞாயிறு காலை வெந்தயத்தையும் செம்பருத்தி இலையையும் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறியதும் தலையை அலசினாள். தனியாக இருப்பவள். முடி கழுத்து வரைதான். தண்ணீர் போகும் வழியில் சுருண்டு கிடந்ததோ இடுப்பளவு முடி. போன வாரமும் அப்படித்தான். அக்காவுக்குத்தான் அவ்வளவு நீளம்.

"சொல்லாமக் கொள்ளாமப் போனவளுக்கு இங்க என்ன வேலை?" என்று கத்தினாள்.

பாத்திரத்தை ணங்கென்று அடுப்பில் வைத்தாள். வெந்தயத்தை அள்ளிப் போட்டாள். கொதித்ததை அப்படியே குளியலறையில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினாள்.

உள்ளே குவளையில் மொள்ளும் சத்தம் கேட்டது.

"வெந்து தொலையாத! ஆறட்டும், இரு!"

சத்தம் நின்றது. மொண்ட தண்ணீர் மெல்லப் பாத்திரத்திலேயே திரும்பி விழுந்தது.