ஒரு நூல்கூட மிச்சமில்லாமல்

மஞ்சள் கவுனைத் தீயில் போட்டபோது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்தில் நின்ற பூட்டுக்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"இதையுமா போடணும்?" என்றார்.

"சபையில அப்படித்தானே சொல்லியிருக்காங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு குச்சியால் தீயைக் கிளறினாள் மனைவி. எவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒரு தாய் இப்படிக் கல்லாக நிற்க முடியும் என்று நினைத்தார் அவர்.

சபையில் சொல்லித்தான் இருந்தார்கள். இன்று உச்சி வேளையில் சூரியன் அணைந்துவிடும், உலகம் முடிந்துவிடும், செத்துப்போன பிள்ளைகளெல்லாம் மேலே சொர்க்க வாசலுக்கு வந்து பெற்றவர்களுக்காக நிற்பார்கள். ஆனால் பிள்ளையின் பொருள் ஒரு நூல் இங்கே மிச்சமிருந்தாலும் அந்தப் பிள்ளை அங்கே வராது.

அதனால் மகளின் போட்டோ, பள்ளிக்கூடப் பை, செருப்பு எல்லாம் முன்னமே சாம்பலாகிவிட்டன. கடைசி வரை தலையணைக்கடியில் இருந்தது இந்தக் கவுன்தான். காய்ச்சலில் விழுவதற்கு முந்தின நாள் மகள் போட்டிருந்தது. வாசனை போய்விடுமே என்று துவைக்காமல் வைத்திருந்தார்கள்.

பூட்டுக்காரருக்கு இதிலெல்லாம் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. 'என் வீட்டுப் பூட்டுதான்' என்று சத்தியம் செய்கிறவனையே நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் திறந்து கொடுக்கிற ஆள் அவர்.

ஆனால் மகள் போனபின் இவள் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்தே கிடந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா சபையைப் பற்றிச் சொன்னபோது, "போய்ப் பார்க்கலாமா?" என்று அவர்தான் மனைவியிடம் கேட்டார். "உங்க இஷ்டம்" என்றாள்.

அங்கே பாட்டுப் பாடும்போது மகளை நினைத்து அவர் தேம்பி அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் தானாகவே சோறு வைத்து, அவரையும் சாப்பிடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அது போதாதா மனுஷனுக்கு? பொய்யோ புரட்டோ, இவள் பிழைத்துக் கிடந்தால் சரி என்று தலையாட்ட ஆரம்பித்தார். ஆட்டுவதுதான் ஆட்டுகிறோம், முன்வரிசையில் உட்கார்ந்தே ஆட்டுவோம் என்று ஆட்டினார்.

இன்று சபைக்குக் கிளம்பும்போது தெருவில் மற்ற சபைக்காரர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டு நடந்தார்கள். இனி வீடு எதற்கு? அவள் மட்டும் கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பூட்டுக்காரன் பெண்டாட்டி, பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

உச்சி வேளை வந்தது, போனது. சூரியன் அது பாட்டுக்குக் காய்ந்தது. "உங்களில் யாரோ எதையோ எரிக்காமல் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் நாள் தள்ளிப்போய்விட்டது" என்றார் மேடையிலிருந்த தலைவர். கூட்டம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே கலைந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே கொல்லைப்புறம் போனாள். குந்தி உட்கார்ந்து சாம்பலைத் துழாவினாள். கருகிப்போன ஒரு பொத்தான் கிடைத்தது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பூட்டுக்காரர் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். நம்பி மோசம் போய்விட்டாளே பாவம். இந்தச் சபையும் இல்லையென்றால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளே.

"அழாதம்மா. நாள்தானே தள்ளிப் போயிருக்கு? நம்ம பிள்ளை கட்டாயம் வருவா. நீ நம்பிக்கையை மட்டும் விட்டுடாதே" என்றார், தான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நம்பாமல்.

அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"நான் எப்பங்க நம்பினேன், நீங்க நம்புறீங்களேன்னுதானே கவுனைக் குடுத்தேன்."