ஓரத்தில் நின்ற ஓடை

வருவாய்த்துறை அலமாரியில் இருந்த ஊர் வரைபடத்துக்கு அன்று மனசே சரியில்லை. அதன் நடுவில் விரலகலக் குளம் ஒன்று உண்டு. அதன்மேல் யாரோ பென்சிலால் 'நீர்வரத்து இல்லை' என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் குளத்தை அழித்துவிட்டுப் பேருந்து நிலையம் வரையப் போகிறார்கள்.

"அக்கா, வனத்துறை அலமாரியில ஒரு மலை வரைபடம் இருக்கு. அதோட ஓடை உன் பக்கம்தான் வருது," என்றது இரண்டு அலமாரியிலும் காகிதம் தின்று வளர்ந்த ராமபாணப் பூச்சி.

"வந்தா எங்கிட்ட ஏன் இல்ல?"

"அவங்க எல்லையோட கோடு நின்னுடுது. துறை தாண்டித் தண்ணி ஓடுமா?"

"கேலியா? உன் பேச்சுக்கு முத்திரை இருக்கா?"

பூச்சியிடம் கடித்த தடம்தான் இருந்தது.

காலையில் இரண்டு வரைபடங்களும் ஒரே மேசைக்கு வந்தன. இனி எல்லாத் துறைக்கும், ஊராருக்கும் சேர்த்துக் கணினியில் ஒரே பொது வரைபடமாம். திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததும் ஓடையின் நுனி குளக்கரையைத் தொட்டது.

"இத்தனை வருஷம் எங்க இருந்தே?" என்றது ஊர் வரைபடம்.

"இந்த ஓரத்துலதான். நீ கூப்பிடுவேன்னு நின்னேன்," என்றது மலை வரைபடம்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தர் ரப்பரை எடுத்தார். ஊர் வரைபடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் 'இல்லை' என்ற சொல்லை மட்டும் அழித்தார்.